இடங்கிடைக்காத அமைச்சர்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



நேதாஜி என்னவானார் என்ற வழக்கு 1945 முதல் ஓயவில்லை. அல்சூர்த் தமிழருக்கு அதில் என்ன பங்கென்று வினவலாம். மலேயாவில் ரப்பர்மரம் சீவிய நம்மவர் ஆயிரக்கணக்கில் அவர் படையில் சேர்ந்தனர். அவரது தற்காலிக அரசின் விளம்பர அமைச்சர் எஸ். ஏ. ஐயரும் தமிழரே.

1945 ஆகஸ்டு 17 அன்று சைகோனில் ஜப்பானியர் தந்தவை இரண்டே இடங்கள். நேதாஜியுடன் ஹபீபுர் ரகுமான் ஏறினார், ஐயர் நின்றுவிட்டார். மறுநாள் தைபேயில் விமானம் வீழ்ந்து எரிந்தது. அன்றிரவே நேதாஜி மாண்டார் என்றது ஜப்பான். செப்டம்பரில் டோக்கியோவில் அஸ்திக் கலசத்தைக் கையில் வாங்கியவர்களுள் ஒருவர், உடன்செல்ல இடங்கிடைக்காத அதே ஐயர்!

ஷாநவாஸ் குழுவும் (1956) கோஸ்லா ஆணையமும் (1974) விபத்துச் செய்தியை ஏற்றன. குழுவிலிருந்த தமையனார் சுரேஷ் சந்திர போஸோ உடன்படவில்லை. 2005இல் முகர்ஜி ஆணையம் அந்தச் சாம்பல் நேதாஜியுடையதன்று என்றது. அரசு அதை ஏற்கவில்லை. 2016இல் நூறு கோப்புகள் வெளிவந்தும் வாதம் ஒழியவில்லை.

ரகுமானின் தீப்புண் வடுக்களை எண்ணும்போது, விபத்தை நம்பவே என் மனம் சாய்கிறது. ஆயினும் நம்பிக்கை வேறு, சான்று வேறு. கலசம் டோக்கியோ ரெங்கோஜிக் கோயிலில் இருக்கிறது. 1943 பிப்ரவரியில் தந்தை நீர்மூழ்கிக் கப்பலேறியபோது மூன்று திங்களும் நிரம்பாத மகவு அனிதா. முதுமையில் அவர் மரபணுச் சோதனை வேண்டினார். அதைச் செய்வதற்கு இன்னுமோர் ஆணையம் வேண்டுமா?