எபிசோட்: நாலு வினாடி கலர் பார்

எங்க ஊரு கம்மாபுரம், விருத்தாசலம் பக்கத்துல. நான் சென்னையில ஒரு சேனல்ல இன்ஜினியரா இருந்தப்ப, ஒரு ராத்திரி அம்மா போன் பண்ணாங்க. "ஏன்டா, பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு கலர் கலரா கோடு வருது?"

அந்தக் கோட்டைப் போட்டவனே நான்தான்.

மாஸ்டர் கண்ட்ரோல்னா சேனலோட கடைசி வாசல். படம், விளம்பரம், நேரலை எல்லாம் அது வழியாத்தான் சாட்டிலைட்டுக்குப் போகும். ஆனா அந்த ஸ்விட்சர்ல இன்புட் கொஞ்சம்தான் இருக்கும். வர்ற சிக்னலோ ஏகப்பட்டது. அதனால வெளியில ஒரு வீடியோ ரவுட்டர் வைப்போம். எந்த இன்புட்டையும் எந்த அவுட்புட்டுக்கும் அனுப்பலாம்.

நம்ம விருத்தாசலம் ஜங்ஷனை நினைச்சுக்கோங்க. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர்னு நாலு பக்கமும் தண்டவாளம் பிரியுது. ரவுட்டரும் ஒரு ஜங்ஷன்தான்.

முதல்ல கேபிள். ரவுட்டர் அவுட்புட்ல இருந்து ஸ்விட்சர் இன்புட்டுக்கு 75 ஓம் கோஆக்ஸ், பிஎன்சி கனெக்டர். எச்டி சிக்னல் வினாடிக்கு 1.485 கிகாபிட் வேகத்துல ஓடுது. பார்க்க ஒரே மாதிரி இருக்குன்னு 50 ஓம் கேபிளைச் சொருகினா சிக்னல் எதிரொலிச்சு கெட்டுப்போகும்.

ரெண்டாவது, சிங்க். ரயில் மேல ஓடும்போது பாயிண்ட்டை மாத்த முடியுமா? வண்டி தடம் புரண்டுடும். வீடியோவும் அப்படித்தான். ஒரு ஃபிரேம் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற இடைவெளியிலதான் மாத்தணும். நம்ம பழைய 625 வரி முறையில அது 6ஆவது வரி, 1080 எச்டியில 7ஆவது. ரவுட்டருக்கும் ஸ்விட்சருக்கும் ஒரே ரெஃபரன்ஸ் சிக்னல் போனாத்தான் ரெண்டும் ஒரே நேரத்துல அந்த வரிக்கு வரும். இல்லன்னா மாத்துற ஒவ்வொரு தடவையும் படம் துள்ளும்.

மூணாவது, கண்ட்ரோல். ஆர்எஸ்-422 இல்லன்னா ஈத்தர்நெட் லைன் வழியா ஸ்விட்சர் ரவுட்டர்கிட்ட "இந்த சோர்ஸை என் மூணாவது இன்புட்டுக்குக் கொடு"ன்னு கேட்கும். அதுக்கு ரெண்டு பக்கமும் பெயர்ப் பட்டியல் ஒண்ணா இருக்கணும்.

நான் மாட்டினது இங்கதான். பட்டியல்ல 12ஆவது அவுட்புட் "மானிட்டர்"னு இருந்துச்சு. கேபிளை யாரோ மாத்தி ஸ்விட்சருக்குப் போட்டிருந்தாங்க, பட்டியலை மாத்தல. டெஸ்ட் பண்ணலாம்னு கலர் பாரை 12க்கு அனுப்பினேன். அப்போ ஆன்-ஏர்ல இருந்தது அந்த இன்புட்தான். நாலு வினாடி.

ரயில்வேல ஒரு வழிக்கு சிக்னல் கொடுத்துட்டா, வண்டி கடந்து போற வரைக்கும் பாயிண்ட் பூட்டியே இருக்கும். அதே பூட்டு ரவுட்டர்லயும் இருக்கு. ஆன்-ஏர்ல போற அவுட்புட்டை லாக் பண்ணிட்டா வேற எந்த பேனல்லயும் மாத்த முடியாது. நாங்க அதைப் போடவே இல்ல. மறுநாள் ஒவ்வொரு கேபிளையும் கையால தொட்டுப் பார்த்து லேபிள் ஒட்டினோம், லாக் போட்டோம். ஸ்விட்சரே செத்தாலும் சிக்னல் போக ஒரு பைபாஸ் வழியும் வெச்சோம்.

பாட்டு நடுவுல நாலு வினாடி போனா சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா 2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூர் பக்கம் கரையைக் கடந்துச்சு. அந்த மாதிரி ராத்திரியில, கரண்ட் போறதுக்கு முன்னாடி எங்க ஊரு சனம் டிவி முன்னாலதான் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்துல கலர் பார் வந்தா?

அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். "சரி சரி, பாட்டை முழுசாப் போடு"ன்னாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.