ஊர் வாய்க்குப் பயந்த காதல்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



நாவல் படிப்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நாம் வெகுநாளாகச் சொல்லி வந்ததுண்டு. அயர்லாந்து தேசத்துப் பெண்மணி சாலி ரூனி 2018-ல் வெளியிட்ட “நார்மல் பீப்பிள்”, அதாவது “சாதாரண மனிதர்கள்” என்ற நாவல் நம் வாயை அடைத்துவிட்டது.

கதை இதுதான். ஸ்லைகோ ஜில்லாவில் ஒரு சிற்றூர். மேரியான் பெரிய மாளிகைப் பெண், தாயார் வக்கீல். அந்த மாளிகையைக் கூட்டித் துடைக்கும் லொரைன் என்பவளின் மகன் கானல். இருவரும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள், ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் நிலைமை தலைகீழ். கானல் பந்தாட்டக்காரன், எல்லோருக்கும் வேண்டியவன். மேரியானையோ கிறுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே விஷயம் வெளியே தெரியக் கூடாதென்கிறான் பையன். வீட்டில் அண்ணனிடம் அடியும் வசையும் வாங்கி, தன்னை யாரும் நேசிக்கமாட்டார்கள் என்று நம்பிக் கிடந்த அவளும் சம்மதிக்கிறாள். பள்ளியின் கடைசி நடன விருந்துக்கு அவன் வேறொருத்தியை அழைக்கிறான். மேரியான் பள்ளிக்கூடம் வருவதையே நிறுத்திவிடுகிறாள்.

தோழர்களே! இவர்களைத் தடுத்தது எது? ஜாதியா? அங்கு அது இல்லை. பாதிரியா? சட்டமா? அவையும் இல்லை. பொருத்தமில்லையென்று சொல்ல ஜோசியனும் இல்லை. நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்ற பயம் ஒன்றுதான்! அந்த நாலு பேருக்கும் சங்கதி முன்னமே தெரியும். ஒருவரும் அதைப் பொருட்படுத்தவும் இல்லை என்று பிற்பாடு ஒரு சிநேகிதன் மூலமே கானல் அறிகிறான். இல்லாத பேய்க்குப் பயந்து இருக்கிற பெண்ணைப் பலி கொடுத்தான் என்பதல்லாமல் இதற்கு வேறென்ன பெயர்?

இனி, தாய் லொரைனைப் பாருங்கள். அவள் பள்ளிப் பருவத்திலேயே கலியாணமின்றிக் கானலைப் பெற்றவள். அந்தத் தேசத்தில் முன்பு அப்படிப்பட்ட தாய்மார்களைக் கன்னிகாஸ்திரீகள் நடத்திய விடுதிகளில் ஒளித்து வைத்து, பிள்ளைகளைப் பிரித்துப் பிறருக்குக் கொடுத்தார்கள். அதற்கு அந்நாட்டுப் பிரதமர் அரசாங்கத்தின் பேரால் மன்னிப்புக் கேட்டது 2021-ல்தான். விவாகரத்துக்கும் 1995-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்ட பிறகுதான் வழி பிறந்தது. ஊருக்குப் பயப்பட யாருக்காவது நியாயமுண்டென்றால் அது லொரைனுக்குத்தான். அவளோ பயப்படவில்லை. மகன் செய்ததை அறிந்ததும், அவனைக் குறித்து வெட்கப்பட்டு, அவன் ஓட்டிய வண்டியை விட்டே இறங்கி விடுகிறாள். சட்டமும் பாதிரியும் பின்வாங்கிய பிறகும், வெட்கம் மட்டும் மகன் மனதில் குடியிருந்தது!

பிறகு டப்ளின் நகரத்து ட்ரினிட்டி கல்லூரியில் இருவரும் மறுபடி சேருகிறார்கள். இப்போது அவள் செல்வாக்குள்ளவள், அவன் ஏழை. வேலை குறைந்து, வாடகைக்கு வழியில்லாதபோது, கோடை முடியும்வரை உன் வீட்டில் தங்கட்டுமா என்று கேட்க அவனுக்கு நா எழவில்லை. ஊருக்குப் போவதாகச் சொல்லுகிறான். தன்னை அவன் வேண்டாமென்று விட்டதாக அவள் எண்ணுகிறாள். பிரிந்து விடுகிறார்கள். பின்னர் பரீட்சை எழுதி இருவரும் உபகாரச் சம்பளம் பெறுகிறார்கள். சாப்பாடும் இருப்பிடமும் இலவசமானதும் கானலின் பாதிப் பாரம் இறங்குகிறது. விதி பிரித்தது என்று நாம் சொல்லியிருப்போம். பிரித்தது வாடகைப் பணமும், அதைக் கேட்க விடாத வெட்கமும்தான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். அந்த ஊர் யார்? நாம்தானே! நம் வாயை நாம் மூடிக்கொண்டால் ஊர் வாய் தானே மூடும். வாலிபத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுவோம். தனியிடத்தில் ஏற்றுக்கொண்டவளை நாலு பேர் நடுவிலும் ஏற்றுக்கொள்ளத் தைரியமில்லையானால், தயவுசெய்து அதற்குக் காதல் என்று பெயர் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.