கிள்ளிப் பாருங்கள்

1977-ல் பாரிஸில் ஒரு நடிகை, டாக்டர் இவ் ஜெரார் இலூஸிடம் போனார். முதுகில் கொழுப்புக் கட்டி. எடுக்கணும், ஆனால் பெரிய தழும்பு விழக்கூடாது என்றார். டாக்டர் சின்னத் துளை போட்டு, முனை மழுங்கிய குழாயை நுழைத்து, கொழுப்பை உறிஞ்சி எடுத்தார். இன்று லைப்போசக்‌ஷன் என்கிறோமே, அது இப்படித்தான் பரவியது. இப்போது ஆண்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு சிக்கல். இடுப்பில் இரண்டு விரலால் கிள்ளினால் பிடிபடுகிறதே, அது தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு. குழாய்க்கு வரும். ஆனால் பானை மாதிரி கெட்டியாக முன்தள்ளும் தொப்பை வேறு சங்கதி. அது வயிற்றுத் தசைக்கும் உள்ளே, குடலைச் சுற்றிச் சேர்ந்தது. எத்தனை லட்சம் கட்டினாலும் அங்கே குழாயை விடமாட்டார்கள். நடந்தும் சாப்பாட்டைக் குறைத்தும்தான் கரைக்கணும்.

ஆண்கள் டாக்டரிடம் கூச்சத்தோடு கேட்பது இன்னொன்று: மார்பு பெருப்பது. கொழுப்பு மட்டுமென்றால் உறிஞ்சலாம். காம்புக்கு அடியில் சுரப்பி வளர்ந்திருந்தால் வெட்டித்தான் எடுக்கணும். ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளாலும் வரும். பதின்மூன்று, பதினாலு வயசுப் பையனுக்கு வந்தால் பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானே அடங்கிவிடும். சட்டையைக் கழற்றவே கூசுகிற பிள்ளையை அவசரப்பட்டு ஆபரேஷனுக்கு இழுத்துப் போகாதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் கட்டி தட்டுப்பட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும்.