கொள்ளிடத்து மணலில் ஒரு படம்



ஏலாக்குறிச்சிக்கு வருகிறவர்கள் அடைக்கல மாதா கோயிலைத்தான் படம் பிடிப்பார்கள். வீரமாமுனிவர் வாழ்ந்த ஊராயிற்றே! ஆனால் தெற்கே போனால் கொள்ளிடம். கோடையில் காற்று மணலில் வரிவரியாகக் கோடு போட்டிருக்கும். ஆள், மரம், வானம் எதுவும் விழாமல் அந்த வரிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். துணி மடிப்பா, யானைத் தோலா என்று பார்ப்பவர் திகைப்பார். இதுதான் அரூபப் படம். காலைச் சாய்வெயில் இதற்கு முக்கியம். வெயில் உச்சிக்கு ஏறினால் நிழல் சுருங்கி வரிகள் மறைந்துவிடும்.

அமெரிக்காவின் ஆரன் சிஸ்கிண்ட் 1940களிலேயே பூச்சு உரிந்த சுவர்களையும் கிழிந்த சுவரொட்டிகளையும் இப்படி எடுத்தார். நமக்கோ காரை ஊர்ப் பக்கம் வெடித்த களிமண் நிலம், அரியலூர்ப் பாறைகளில் சுருள்சுருளான அம்மோனைட் புதைபடிவம் என்று எத்தனையோ!

இந்தப் படங்களால் யாருக்கு என்ன பயன்? கொல்கத்தா சோனாகாச்சியில், பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்துப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார் ஸானா பிரிஸ்கி. அவர்கள் எடுத்தது தங்கள் தெருவை, வீட்டை, மாடியை. அரூபப் படங்கள் அல்லதான். ஆனால் அந்தப் படங்கள் விற்ற பணம் அதே பிள்ளைகளின் படிப்புக்குப் போனது. இந்தப் பிள்ளைகளைப் பற்றிய ஆவணப்படம் 2005-இல் ஆஸ்கர் விருதும் பெற்றது. எனக்கு விருதைவிட அந்தப் படிப்புச் செலவுதான் பெரிதாகத் தெரிகிறது.

நம் பள்ளிப் பிள்ளைகள் கைபேசியில் எடுக்கும் பன்னிரண்டு மணல் படங்கள் போதும், மாதத்துக்கு ஒன்றாக ஒரு காலண்டர் அச்சடிக்கலாம். விற்ற பணத்தை அருகிலுள்ள ஆதரவற்றோர் இல்லத்தில் கொடுக்கலாம். தை பிறப்பதற்குள் அச்சகத்தில் சொல்லிவையுங்கள்.