கோலம் போடாத வாசல்



எதிரணியில் பேசிய அம்மையார், 'சின்ன ஊருக்குக் குடிபோனால் நம்ம வீட்டுக் குழம்பு என்னன்னு தெருவுக்கே தெரிஞ்சிடும்' என்று குற்றம் சாட்டினார். உண்மைதான்! எங்கள் வீட்டுக் குழம்பு எனக்குத் தெரிவதற்கு முன்னாடியே எதிர்வீட்டுப் பாட்டிக்குத் தெரியும்.

சென்னையில் 22 வருஷம் இருந்துவிட்டு, 2019 ஜூனில் மாற்றலாகி மயிலாடுதுறைக்குப் போனவன் நான். மனைவி வரமாட்டேன் என்றாள். விடுவேனா? தமிழ்ப் பேராசிரியராச்சே! 'அடியே, தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீபாக இருந்த ஊர். உ.வே.சா., மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட ஊர். ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாதுன்னு பழமொழியே இருக்கு' என்று அரைமணி நேரம் பேசினேன். அவள் கேட்டாள்: 'அவங்கள்லாம் இப்ப பக்கத்து வீட்டுலயா இருக்காங்க?'

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில்கூட யாரும் இப்படி மடக்கியதில்லை!

வந்தாள். ஆனால் ஒரு பெட்டியை மட்டும் திறக்கவே இல்லை. 'எப்படியும் திரும்பிப் போகத்தானே போறோம்' என்பாள். எனக்கும் எரிச்சல்தான். சட்டையை மாட்டினால், 'சார் எங்க கிளம்பிட்டீங்க?' திரும்பி வந்தால், 'போன காரியம் என்னாச்சு?' தெருமுனை ஆட்டோக்காரரிடம் மாட்டக்கூடாது என்றே சுற்றிப் போவேன். சென்னையில், எங்கள் மாடியிலேயே இருந்த பெரியவர் இறந்தது, லிஃப்ட் வாசலில் குளிர்பெட்டி வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும். அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

அந்தப் புரட்டாசியில் எனக்குக் கோவையில் பட்டிமன்றம். வீட்டில் அவள் தனியாக. காலை ஏழு மணியாகியும் எங்கள் வாசலில் கோலம் இல்லை. எதிர்வீட்டுப் பாட்டி கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. பால்காரரைக் கொல்லைச் சுவரேறிக் குதிக்க வைத்தார். சர்க்கரை இறங்கி, சமையற்கட்டில் மயங்கிக் கிடந்தாள் என் மனைவி.

தகவல் தெரிந்து அலறியடித்துக்கொண்டு ரயிலேறி வந்தேன். ஸ்டேஷனில் இறங்கினால், நான் ஒளிந்து ஒளிந்து போவேனே, அதே ஆட்டோக்காரர்! 'ஏறுங்க சார். அம்மா கண் முழிச்சிட்டாங்க, ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க.' எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்கவே இல்லை. கேட்கக் குரலும் இல்லை.

பெரிய வைத்தியம் என்றால் தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ ஓட வேண்டியிருக்கிறது. அதை எதிரணிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால், விழுந்தது தெரிந்தால்தானே ஐயா ஓட முடியும்?

ஐப்பசி பூரா ஊரே துலாக்கட்டத்துக் காவிரியில் முழுகியது. இவள் படுக்கையில். அங்கே கார்த்திகை முதல் நாள் 'முடவன் முழுக்கு' என்று ஒன்று உண்டு. கால் முடியாத ஒருவர் நடந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட, அவருக்காக இறைவன் ஒருநாள் கூட்டிக் கொடுத்தாராம். அன்றைக்குப் பாட்டி இவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

ஈரத் தலையோடு திரும்பி வந்தவள், நேரே போய் அந்தப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாட்டிக்குத் தெரியும்!

நடுவர் மணியடித்துவிட்டார்.