தண்ணி நிக்குமாடா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நேரில் பார்த்து வரையும்போது பெர்ஸ்பெக்டிவ்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இருபது நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆயுசு பூரா டிராயிங் மாஸ்டராக இருந்தவனிடம் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? மணி அடித்தால்தான் எங்களுக்கு நிறுத்தத் தெரியும். முயற்சி பண்ணுகிறேன்.

பெர்ஸ்பெக்டிவ் என்பதற்குப் புத்தகத்தில் இலக்கணம் இருக்கிறது. அதை நான் புத்தகத்தில் படித்தேன், பரீட்சையும் எழுதினேன். ஆனால் கற்றுக்கொண்டது எங்க அப்பாவிடம். அவர் தன் கையெழுத்தைத் தவிர வேறு எதற்கும் பேனா பிடித்தவர் இல்லை.

எங்க ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டிப் பாசனம். அப்பாவுக்கு இருந்தது பதினைந்து மா நிலம். அதில் மூன்று மாவை ஒத்திக்கு வைத்துத்தான் என்னை ஓவியம் படிக்க அனுப்பினார். மனசார அனுப்பினார் என்று சொல்ல முடியாது. "படம் போட்டா சோறு கிடைக்குமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அம்மா அழுததால் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த மூன்று மா எனக்குள்ளே எப்போதும் உறுத்திக்கொண்டே இருக்கும்.

1970-களில், இரண்டாம் வருஷம். வெளிக்காட்சி ஒன்று வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். புரட்டாசி மாதம், சம்பா நடவு நடக்கிற சமயம். எங்க வயல் வரப்பிலேயே உட்கார்ந்து வரைந்தேன். எதிரே சேறு கலந்த தண்ணீர், குனிந்து நடுகிற பெண்கள், ஒரு பக்கம் மோட்டார் கொட்டகை, ஒரு பர்லாங்கு தள்ளி தென்னந்தோப்பு. மூன்று நாள் உழைத்து வாட்டர் கலரும் கொடுத்தாகிவிட்டது. எனக்கு ரொம்பத் திருப்தி. வாசல் திண்ணையில் சாய்த்து வைத்தேன், அப்பா பார்க்கட்டும் என்று.

களத்திலிருந்து வந்தவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"ஏண்டா, இந்த வயல்ல தண்ணி நிக்குமாடா?"

எனக்குப் புரியவில்லை. "என்னப்பா?" என்றேன்.

"தோப்புப் பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது பாரு. வாய்க்கால்ல திறந்து விட்டா தண்ணி பூரா நம்ம காலடிக்கு ஓடியாந்துடும். இது நம்ம வயலு இல்லடா." இவ்வளவுதான் சொன்னார். காலைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மூன்று மா ஒத்தியில் கிடக்கிறது, மகன் போட்ட வயலில் தண்ணி நிற்காது. மறுநாள் விடிந்ததும் பலகையோடு அதே வரப்பில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் தவறு தெரிந்தது.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தரைமட்டத்தில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் கோடுகள் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதுபோலத் தெரியும். அதுதான் மறைபுள்ளி. அந்தப் புள்ளி எப்போதும் நம் கண்மட்டத்தில்தான் விழும். கடற்கரையில் சிக்கல் இல்லை. தண்ணீரும் வானமும் சேரும் கோடே கண்மட்டம், நாகப்பட்டினம் போனால் கண்ணுக்கு நேரே தெரியும். நம் டெல்டாவும் கடல் மாதிரி சமதரைதான். ஆனால் அடிவானத்தை மறைத்துக்கொண்டு தென்னையும் மூங்கிலும் நிற்கின்றன. நாம் என்ன செய்கிறோம்? மரங்களின் தலை வானத்தைத் தொடும் விளிம்பைப் பார்த்து, அதுதான் அடிவானம் என்று நினைத்து விடுகிறோம். உண்மையான அடிவானம் அந்தத் தோப்புக்குப் பின்னால், மரங்களின் அடியை ஒட்டி, அதற்குச் சற்று மேலே இருக்கிறது.

நான் வரப்புகளை எல்லாம் தென்னை உச்சிக்கு ஓட்டியிருந்தேன். மோட்டார் கொட்டகையை மட்டும் பார்த்தபடியே சரியாகப் போட்டிருந்தேன். ஆக, ஒரே படத்தில் இரண்டு கண்மட்டம். கொட்டகை சொல்கிற மட்டத்தை வயல் ஒப்புக்கொள்ளவில்லை. சமதரையின் கோடுகள் கண்மட்டத்துக்கு மேலே போய்ச் சேர்ந்தால் அது சமதரை இல்லை, மேடேறும் சரிவு. இதைத்தான் அப்பா தண்ணீரின் பாஷையில் சொன்னார்.

அவருக்கு எப்படித் தெரிந்தது? வயலைச் சமன் செய்கிறவர்களுக்கு மட்டம்தான் தொழில். உழுது தண்ணீர் கட்டிப் பரம்பு அடிப்பார்கள். எங்கே சேறு தலை காட்டுகிறதோ அங்கே மேடு, எங்கே தண்ணீர் ஆழமாக நிற்கிறதோ அங்கே பள்ளம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட வேண்டும். கருவி எதுவும் கிடையாது, தண்ணீரே மட்டப்பலகை. வருஷா வருஷம் அப்படிப் பார்த்த கண்ணுக்கு ஒரு விரல் கடை சாய்வும் தெரியும்.

அன்றிலிருந்து நான் எதை வரைய உட்கார்ந்தாலும் முதலில் போடுகிற கோடு கண்மட்டம்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கண்ணாடி போன்ற பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி முகத்துக்கு நேரே பிடியுங்கள். தண்ணீரின் மேற்பரப்பு தட்டு மாதிரி தெரியாமல் ஒரே கோடாகத் தெரிகிற உயரம்தான் உங்கள் கண்மட்டம். அந்தக் கோடு எதிரே எந்த மரத்தில், எந்தச் சுவரில் வெட்டுகிறது என்று பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கொத்தனார் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிறாரே, அதே சங்கதிதான்.

அதன் பிறகு பாதி வேலை தானாக நடக்கும். நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், அதே தரையில் நிற்கும் உங்கள் உயரக்காரர்கள் எல்லோருடைய கண்ணும் அந்தக் கோட்டிலேயே இருக்கும், பத்தடியில் நின்றாலும் சரி, பர்லாங்கில் நின்றாலும் சரி. தூரத்து ஆளுக்குக் கால்தான் மேலே ஏறி வரும், தலை கீழே இறங்காது. வரப்பின் மேல் நிற்பவர் தலை கொஞ்சம் உயரும். குனிந்து நடவு செய்பவர்கள் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். நீங்களே வரப்பில் உட்கார்ந்துவிட்டால் கோடு அவர்கள் இடுப்புக்கு வந்துவிடும். ஒரு விஷயம், நம்ம ஊர் வரப்பு எதுவும் ஸ்கேல் வைத்துப் போட்டதில்லை. ஒவ்வொரு வரப்பும் ஒரு திசைக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் மறைபுள்ளி வேறு. ஆனால் எல்லாப் புள்ளியும் அந்த ஒரே கோட்டின் மேல்தான்.

பிரதிபலிப்புக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு. வாய்க்கால் கரைத் தென்னை தண்ணீரில் தலைகீழாகத் தெரியும்போது, கரையிலிருந்து அளக்கக் கூடாது. மரத்துக்கு நேர் கீழே தண்ணீர் மட்டம் எங்கே வருமோ அங்கிருந்து அளக்க வேண்டும். அதனால்தான் கரை உயரமாக இருந்தால் பிம்பத்தில் மரத்தின் அடிப்பாகம் காணாமல் போகிறது.

இனி பெரிய கோயிலுக்கு வருவோம். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த விமானம், 216 அடி. மாணவர்கள் மூன்றாவது மறைபுள்ளி என்று படித்துவிட்டு, பக்கவாட்டுக் கோடுகளை மேலே இன்னும் நெருக்கி விடுகிறார்கள். விமானம் ஊசி மாதிரி ஆகிவிடுகிறது. அது நிலைக்கு நிலை குறுகிப் போகும்படி கட்டியவர்களே கட்டியிருக்கிறார்கள். கட்டடத்தின் குறுகல் எது, நம் பார்வையின் குறுகல் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் தள்ளி நில்லுங்கள். நந்தி மண்டபம் வரைக்கும் போங்கள், திருவாசல் வரைக்கும் போங்கள். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்துத்தான் வலிக்கும். இன்னொன்று, "விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று ஊரெல்லாம் சொல்வார்கள். ஒரு சாயங்காலம் பென்சிலோடு போய் உட்காருங்கள். நீளமாக விழுகிற நிழலை நீங்களே வரையலாம். உச்சிப் பொழுதில் தன் அடித்தளத்துக்குள்ளேயே நிழல் அடங்கிவிடுவதைப் பார்த்து வந்த பேச்சு அது. கேட்டதை வரையாதீர்கள், பார்த்ததை வரையுங்கள்.

இந்த ஒற்றைக் கண் கணக்கு இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புருனெலெஸ்கி செய்துகாட்டியது. 1435-ல் ஆல்பெர்ட்டி அதை எழுதி வைத்தார். தஞ்சைக்கு அது கம்பெனிக்காரர்களோடு வந்தது. 1792-ல் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் தெற்கே வந்து பெரிய கோயிலை வரைந்தார்கள். 1798-ல் லண்டனில் அச்சாயிற்று. அந்தக் காலத்திலேயே நம்ம ஊர் ஓவியர்களும் கம்பெனி அதிகாரிகளுக்காக நிழல், தூரம் எல்லாம் காட்டி வரையப் பழகினார்கள்.

அப்படியானால் அதற்கு முன் நம்மவர்களுக்கு வரையத் தெரியாதா? அதே பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அங்கே மறைபுள்ளி கிடையாது. பெரியவர் பெரியவராக இருப்பார், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும். அது தவறு இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி "இதில் முக்கியமானவர் யார்?" என்பது. பெர்ஸ்பெக்டிவ் கேட்கிற கேள்வி "நீ எங்கே நிற்கிறாய்?" என்பது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் அந்த விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் போட்டோ பிடித்தார். ஓரிடத்தில் நின்று எடுத்தால் கடைசி எழுத்து கடுகாகிவிடும். அதனால் கேமராவை நகர்த்தி நகர்த்தி 21 படம் எடுத்து, ஒட்டி, 19 அடி நீளச் சுருளாக்கினார். பெர்ஸ்பெக்டிவை விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் எது என்று தெரிந்து விட்டுக்கொடுத்தார். தெரிந்து மீறுவது வேறு, தெரியாமல் தவறுவது வேறு.

தஞ்சாவூரில் 1924-ல் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் படித்த கோபுலு அவர்களும், கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து ஆனந்த விகடனின் "தென்னாட்டுச் செல்வங்கள்" தொடருக்கு வரைந்த சில்பி அவர்களும் நமக்குக் காட்டிய வழி ஒன்றுதான். போ, உட்கார், பார், வரை.

இன்றைய மாணவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய் அறையில் வைத்து வரைகிறார்கள். நான் குறை சொல்லவில்லை, மழைக்காலத்தில் நானும் செய்கிறேன். ஆனால் அந்த லென்ஸ் அகலமான லென்ஸ். பக்கத்தில் இருப்பதை ஊதிக் காட்டும், தூரத்தில் இருப்பதைச் சுருக்கிவிடும், கொஞ்சம் அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாயும். போன் நின்ற இடத்தை நீங்கள் நின்ற இடமாக நினைத்து ஏமாறாதீர்கள். ஒரு தடவையாவது அந்த இடத்துக்குப் போய்க் கண்மட்டம் குறித்துக்கொண்டு வாருங்கள்.

இனி கதையை முடிக்கிறேன். இரண்டாவது படத்தைப் போட்டு முடித்து அதே திண்ணையில் சாய்த்து வைத்தேன். அப்பா வந்தார், குனிந்து பார்த்தார். பாராட்டு எதுவும் இல்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தாளில் படாமல் ஒரு விரலால் வாய்க்காலிலிருந்து வரப்போரமாக இழுத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க மடை திறந்தா பாயும்" என்றார். எனக்குக் கிடைத்த மார்க்குகளில் பெரிய மார்க் அதுதான். நான் வேலைக்குப் போன மூன்றாம் வருஷம் அந்த ஒத்தியைத் திருப்பினேன்.

அப்பா காலமாகிவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் போனதில் நிலமும் கைமாறியது. அந்த வயல் இன்று மனைக்கட்டு. கல் நட்டிருக்கிறார்கள். போன தை மாதம் என் பேரன் கேட்டான், "தாத்தா, நம்ம மடை எங்க இருந்துச்சு?" என்று. போய் நின்று பார்த்தேன், எனக்கே அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்த இரண்டாவது படத்தை எடுத்து, தோப்பையும் கொட்டகையையும் வைத்துக் கணக்குப் பார்த்துக் காட்டினேன். முதல் படத்தை வைத்துக் காட்டியிருக்க முடியாது. அதில் இருப்பது எங்க வயல் இல்லை.

ஆகவே தம்பி தங்கைகளே, உங்கள் ஊரில் இன்னும் வயலாக இருக்கிற வயலை, இன்னும் திண்ணையோடு இருக்கிற தெருவை, இன்னும் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைப் போய்ப் பார்த்து வரைந்து வையுங்கள். முடித்ததும் ஒரு விவசாயிடம் காட்டி, தண்ணி நிக்குமா என்று கேளுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.