வெள்ளி வயரும் செப்பு வயரும்

ஹல்துமுல்லைத் தோட்டங்களின் லயன் வீடுகளில் இரு குடும்பங்களுக்கு இடையே உள்ளது ஒரே சுவர். இரவில் இசை கேட்க விரும்புவோருக்கு ஹெட்போனே உற்ற துணை. அதன் வயரைக் கழற்றி வெள்ளி வயர் பூட்டினால் இசை துலங்கும் என்ற பேச்சு இளைஞரிடையே உண்டு. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயை எட்டியதே 2021ஆம் ஆண்டில்தான்; ஆகவே இச்செலவை விளையாட்டாகக் கொள்ள இயலாது.

கணக்கைப் பார்ப்போம். ஒன்றேகால் மீற்றர் செப்பு வயரின் மின்தடை, போக வர, ஏறத்தாழ அரை ஓம். ஹெட்போனின் தடையோ 32 ஓம். சிலவற்றில் 300 ஓம். வெள்ளி, செம்பைவிட நூற்றுக்கு ஆறு பங்கே கூடுதலாக மின்சாரம் கடத்தும். அரை ஓமில் ஆறு சதவீதம்! அதனை எந்தச் செவியும் பிரித்தறியாது. காதுக்குள் செருகும் சிலவகைக் கருவிகளில் மட்டும், தடை சில ஓம்களுக்கு இறங்குவதால், மெல்லிய வயர் தொனியைச் சிறிது மாற்றுவதுண்டு. அங்கும் வேண்டுவது தடித்த செம்பே.

உண்மையில் வயர் கெடுவது பெரும்பாலும் பிளக்கின் கழுத்தில். மடிந்து மடிந்து உள்ளிழை அறுகின்றது. ஒரு காது ஊமையாகின்றது. அவ்விடத்தை வெட்டி, புதுப் பிளக்கை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதும். இழைகளின்மேல் பூசியுள்ள மெல்லிய வார்னிஷை முதலில் சூட்டினால் பொசுக்கிவிட வேண்டும். இல்லையேல் ஈயம் பிடியாது.